ஏரி மேல் பச்சைப் படலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை தொடங்கியதிலிருந்து பெங்களூரு வாசகர்களிடமிருந்து ஏரிப் பாசியைப் பற்றிய கடிதங்கள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு விடை எழுதினால் அடுத்ததற்கும் அதிலேயே பாதி விடை இருப்பதால், இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஊர்ப்பகுதியை மட்டும் குறித்துள்ளோம்.

*ஐயா, வணக்கம். அல்சூர் ஏரிக்கரையில் நெடுங்காலமாக நடைப்பயிற்சி செய்கிறேன். சென்ற மாதம் ஒரு நாள் விடியற்காலையில், திருவள்ளுவர் சிலை இருக்கும் பகுதியைத் தாண்டிப் போகும்போது, கரையோரத் தண்ணீர் யாரோ பச்சைப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டது போல இருந்தது. மத்தியானம் போய்ப் பார்த்தால் பாதியைக் காணோம். 'நம் ஊர்க் குளத்துப் பாசிதான், பயப்படாதே' என்கிறார் என் கணவர். இது அந்தப் பாசிதானா?*
– ஓய்வுபெற்ற ஆசிரியை, அல்சூர்

நீங்கள் கண்டதை நேரில் பார்க்காமல் உறுதி கூற இயலாது. ஆனால் பெயின்ட் போன்ற தோற்றமும், காலையில் இருந்தது பகலில் குறைந்துபோனதும் நீலப்பச்சைப் பாசியின் இயல்போடு மிகவும் பொருந்துகின்றன. ஊர்க் குளத்துப் படித்துறையில் நம்மை வழுக்கிவிடும் பாசி வேறு. அது பெரும்பாலும் இழைகளாக வளர்வது. குச்சியால் அள்ளினால் ஈரமான தலைமுடியைப் போலத் தொங்கும். நீலப்பச்சைப் பாசியை அள்ள முடியாது. குச்சியில் சாயம் ஒட்டியது போல ஒட்டிக்கொண்டு வரும். பாசி என்று வழங்கினாலும் உயிரியலில் அது பாசியே அன்று. உயிரணுவில் உட்கரு இல்லாத பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தது. சயனோபாக்டீரியா என்பது அதன் சரியான பெயர். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இவ்வுலகின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியதற்கு இவற்றின் முன்னோர்களே காரணம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுவதுதான் நியாயம்.

காலையில் இருந்தது பகலில் எங்கே போயிற்று என்பது நல்ல கேள்வி. ஏரிகளில் அதிகம் காணப்படும் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் வகையின் உயிரணுக்களுக்குள் காற்று நிரம்பிய மிக நுண்ணிய புரதப் பைகள் இருக்கின்றன. வெயில் ஏற ஏற அது ஒளிச்சேர்க்கையில் மாவுப்பொருளைச் சேர்த்துக்கொண்டு கனமாகிக் கீழே இறங்கும். இரவில் சேர்த்ததைச் செலவழித்து இலேசாகி மேலே எழும். காற்று அடங்கிய இரவு கழிந்து பொழுது விடியும்போது ஏரியின் பாசி முழுவதும் மேற்பரப்பில் ஒரு படலமாகத் திரண்டிருப்பது அதனால்தான். பிறகு மெல்லிய காற்று வீசினாலும் அந்தப் படலம் ஒரு பக்கக் கரைக்கு ஒதுங்கிவிடும். நடு ஏரியில் இருப்பதைப் போலப் பல நூறு மடங்கு அடர்த்தியாக அது குவிவது, மனிதர்கள் நிற்கும் கரையோரத்தில் என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. கையுறை அணிந்து, மூடியுள்ள ஒரு கண்ணாடிப் புட்டியில் முக்கால் அளவு ஏரி நீரை எடுத்து, உணவுப் பொருள்களுக்குப் பக்கத்தில் வைக்காமல், குளிர்ச்சியான இடத்தில் இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். பச்சை அடியில் படிந்திருந்தால் அது வேறு பாசியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேலே வளையமாகத் திரண்டு நின்றால் நீலப்பச்சைப் பாசி என்று ஐயப்படலாம். கழிவுநீர் சேரும் ஏரிகளில் யூக்ளினா என்னும் இன்னொரு நுண்ணுயிரும் பச்சையாகவோ செங்கல் நிறத்திலோ மேலே படர்வது உண்டு. ஆகையால் நுண்ணோக்கியின் வழியாகப் பார்ப்பவர் சொல்வதே இறுதி. நம் நாட்டில் இவ்வினங்களைப் பிரித்தறியும் துறைக்கு அடித்தளம் இட்டது எம்.ஓ.பி. ஐயங்கார் காலத்துச் சென்னைப் பல்கலைக்கழகம். அதே மரபில் வந்த டி.வி. தேசிகாச்சாரி 1959-இல் வெளியிட்ட 'சயனோஃபைட்டா' என்ற பெருநூல் இன்றும் உலகெங்கும் ஆய்வாளர்களின் மேசையில் இருக்கிறது.

*ஏரிப் பாசி நஞ்சு என்கிறார்கள். மருந்துக் கடையில் ஸ்பைருலினா மாத்திரை விற்கிறார்களே, அதுவும் நீலப்பச்சைப் பாசிதானே?*
– மாணவர், விவேக் நகர்

ஆம், அதுவும் அதே குலம்தான். காளான்களில் உண்ணத்தக்கதும் கொல்லக்கூடியதும் இருப்பது போல இதிலும் உண்டு. ஸ்பைருலினா என்னும் சுருள்பாசியைக் காரத்தன்மை மிகுந்த நீருள்ள தொட்டிகளில் தனியாக வளர்க்கிறார்கள். அந்த நீரில் பிற பாசிகள் எளிதில் பிழைப்பதில்லை. நெல் வயலுக்கு உரமாக இடும் அசோலாவின் இலைக்குள் குடியிருந்து காற்றின் நைட்ரஜனைப் பிடித்துத் தருவதும் ஒரு நீலப்பச்சைப் பாசிதான். ஏரியில் தானாக வளர்ந்ததை எடுத்து உலர்த்தித் தின்பதுதான் ஆபத்து.

*எங்கள் வீட்டு நாய் கயிற்றை விட்டால் நேராக ஏரிக்குள் இறங்கிவிடுகிறது. அது போகட்டும், கரையில் தினமும் நடக்கும் எங்களுக்கும், விளையாடும் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஆகுமா?*
– வாசகர், ஜீவன்பீமா நகர்

நாயைப் பற்றி 'அது போகட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் உங்கள் குடும்பத்தில் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது அதுதான்.

எல்லா நீலப்பச்சைப் பாசியும் எந்நேரமும் நஞ்சு சுரப்பதில்லை. ஒரே இனத்தில் நஞ்சு உண்டாக்கும் மரபணு உள்ளவையும் இல்லாதவையும் கலந்தே வளரும். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ வேறுபாடு காண முடியாது. சுரக்கப்படும் நஞ்சுகளில் முக்கியமானது மைக்ரோசிஸ்டின். இதில் 250-க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் அறியப்பட்டுள்ளன. பித்தநீர் அமிலங்களைக் கல்லீரலுக்குள் கொண்டுசெல்லும் வழியையே பயன்படுத்தி அது கல்லீரல் அணுக்களுக்குள் புகுந்து, அங்குள்ள முக்கியமான நொதிகளைச் செயலிழக்கச் செய்கிறது. அணுக்கள் தம் உருவத்தை இழந்து சிதைகின்றன, உள்ளே இரத்தம் கசிகிறது. அனாடாக்சின் என்னும் இன்னொரு வகை நரம்பையும் தசையையும் தாக்கி மூச்சை நிறுத்துவது. அதன் வேகம் சில வேளைகளில் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். நாய் நீரைக் குடிப்பதோடு நில்லாமல், கரையேறியதும் உடம்பில் ஒட்டியிருக்கும் படலத்தை நக்கியே சுத்தம் செய்துகொள்கிறது. ஆகவே கரையில் பச்சைப் படலம் இருக்கும் நாளில் கயிற்றை விடாதீர்கள். இறங்கிவிட்டால் நக்குவதற்கு முன்பே நல்ல தண்ணீரால் குளிப்பாட்டுங்கள்; தள்ளாட்டம், எச்சில் ஒழுகுதல், வாந்தி, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள்.

இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியும் அன்று. ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் பாசி படர்ந்த நீரைக் குடித்த ஆடுகளும் குதிரைகளும் நாய்களும் பன்றிகளும் இறந்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878-இலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார். 2020-இல் போட்ஸ்வானாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட யானைகள் மடிந்தபோது அந்நாட்டு அரசு சுட்டிக்காட்டிய காரணமும் நீர்நிலைகளில் பெருகிய சயனோபாக்டீரியாதான்.

உங்கள் நடைப்பயிற்சிக்கு வருவோம். கரையில் நடப்பதால் மட்டும் பெரிய தீங்கு நேரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. நீரில் கை கால் நனைப்பவர்களுக்குத் தோல் அரிப்பு, கண் எரிச்சல் ஆகியவையும், தவறி விழுங்கியவர்களுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவையும் வரக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த வழிகாட்டல்படி, குளிக்கவும் நீந்தவும் பயன்படும் நீரில் மைக்ரோசிஸ்டின் லிட்டருக்கு 24 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது. வாழ்நாள் முழுவதும் குடிக்கும் நீரில் 1 மைக்ரோகிராம்தான் வரம்பு. திரண்டு ஒதுங்கிய படலத்தில் இந்த அளவுகள் எளிதில் தாண்டப்படும் என்பதால், கரையோரத்தில் காகிதக் கப்பல் விடும் சிறு பிள்ளைகளை மட்டும் தள்ளி நிறுத்துங்கள்.

*எங்கள் பகுதிக்குக் காவிரிக் குழாய் வந்தும் தண்ணீர் போதவில்லை, டேங்கர்தான். டேங்கர்காரர் எங்கே நிரப்புகிறார் என்று கேட்டால் சொல்வதில்லை. ஏரிப் பக்கத்து ஆழ்துளைக் கிணறு என்று பேச்சு. நன்றாகக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் அல்லவா?*
– இல்லத்தரசி, வர்த்தூர்

போதாது. இந்த ஒரு வரிக்காகவே இந்த இதழின் பகுதியை எழுதத் தொடங்கினேன் என்றாலும் மிகையில்லை. கொதிக்க வைப்பது காலரா, டைஃபாய்டு போன்ற கிருமிகளுக்கு எதிரான வழி; மைக்ரோசிஸ்டின் கிருமி அன்று, வெப்பத்துக்கு அசையாத ஒரு வேதிப்பொருள். கொதிநீரில் பாசியின் அணுக்கள் வெடித்து உள்ளே இருந்த நஞ்சும் நீரில் கலக்கும். நீர் ஆவியாகக் குறையும்போது மிஞ்சிய நீரில் நஞ்சின் செறிவு கூடும். அமெரிக்காவின் டொலேடோ நகரில் 2014 ஆகஸ்டு தொடக்கத்தில், ஈரி ஏரியின் பாசி நஞ்சு குழாய் நீரில் காணப்பட்டபோது, சுமார் நான்கு லட்சம் மக்களுக்கு நகர நிர்வாகம் விடுத்த அறிவிப்பு 'குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள்' என்பதாகும். அந்தத் தடை ஏறத்தாழ மூன்று நாள் நீடித்தது.

புற ஊதா விளக்கு மட்டும் உள்ள சுத்திகரிப்புக் கருவியும், மெழுகுவத்தி வடிவ வடிகட்டியும் கரைந்துவிட்ட நஞ்சை நீக்குவதில்லை. ஆர்.ஓ. சவ்வு நன்றாக நீக்கும். செயலூட்டப்பட்ட கரியும் உறிஞ்சிக்கொள்ளும், ஆனால் காலத்தில் மாற்றப்படாத கரி வெறும் கரிதான். மண் வாசனையை வைத்துத் தண்ணீரை எடைபோடாதீர்கள். அந்த வாசனையைத் தரும் ஜியோஸ்மின் என்னும் பொருளும் பாசியிலிருந்து வருவதுதான் என்றாலும் அது நஞ்சன்று. நஞ்சுக்கோ வாசனை இல்லை.

இனி ஆறுதலான பகுதி. பெங்களூரின் காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரெகாடனஹள்ளியிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வருவது. நகரத்து ஏரிகளுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏரிக்கு அருகிலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலும் பாசி நஞ்சு வருவது அரிது. மண்ணும் மணலும் அவற்றில் வாழும் நுண்ணுயிர்களும் வழியிலேயே பெரும்பகுதியைப் பிடித்துச் சிதைத்துவிடுகின்றன. ஆனால் அதே கழிவுநீரிலிருந்து வரும் நைட்ரேட் மண்ணில் தங்குவதில்லை, கொதிக்க வைத்தாலும் போவதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீடாக இருந்தால் டேங்கர் நீரில் நைட்ரேட் அளவைப் பரிசோதித்த பிறகே பால்பொடி கரைக்கப் பயன்படுத்துங்கள்.

*ஏரி மீன் வாங்கலாமா?*
– வாசகர், மர்பி டவுன்

பச்சைப் படலம் மிதக்கும் ஏரியிலிருந்து பிடித்தது என்று தெரிந்தால் வேண்டாம். திலேப்பியாவும் வெள்ளிக் கெண்டையும் இப்பாசியையே மேய்பவை. நஞ்சு பெரும்பாலும் குடலிலும் ஈரலிலும் தங்கும், சதையில் குறைவு. எந்த ஏரி மீனானாலும் குடலையும் ஈரலையும் முழுவதுமாக நீக்கிக் கழுவுங்கள். குடலோடு குழம்பு வைக்கும் சிறு மீன்களைத் தவிர்த்துவிடுங்கள். செத்து மிதக்கும் மீனைப் பொறுக்கி விற்பவரிடம் எந்தக் காரணத்தைக் கொண்டும் வாங்காதீர்கள்.

2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். இத்தகைய சாவுகளுக்கு எப்போதும் நஞ்சு தேவையில்லை, மூச்சுத்திணறலே போதும். பகலில் ஆக்சிஜனை வாரி விடும் பாசி இரவில் அதையே திருப்பி உறிஞ்சுகிறது. கழிவுநீரிலுள்ள பாக்டீரியாக்களும் சேர்ந்து உறிஞ்சும்போது, விடிவதற்குச் சற்று முன்பு நீரில் மீனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. பகலிலோ வேறொரு தொல்லை. பாசி கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்ச நீரின் காரத்தன்மை ஏறி, கழிவுநீரில் இருக்கும் அம்மோனியா மீனைக் கொல்லும் வடிவத்துக்கு மாறுகிறது.

*எங்கள் அடுக்ககத்தின் அலங்காரக் குளம் பச்சையாகிவிட்டது. ஒப்பந்தக்காரர் ஒருவர் மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) கொட்டினார். மறுநாளே தண்ணீர் தெளிந்தது. சங்கக் கூட்டத்தில் அவருக்குக் கைதட்டல். மூன்றே வாரத்தில் முன்னைவிட மோசம். மறுபடி கொட்டலாமா?*
– அடுக்ககச் சங்க உறுப்பினர், ஒயிட்ஃபீல்டு

கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மயில்துத்தம் பாசியைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை, கொல்வதுதான் சிக்கலே. உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலான நஞ்சு பாசியின் அணுவுக்குள் அடைபட்டிருக்கிறது. செத்ததும் அணு உடைந்து எல்லாம் ஒரே நாளில் நீருக்குள் வந்துவிடும். பார்க்கத் தெளிவாக இருக்கும் அந்த நீர்தான் அப்போது மிகவும் ஆபத்தான நீர்.

இதற்கு 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவு மக்கள் பெரும் விலை கொடுத்தார்கள். குடிநீர் அணையில் பாசி படர்ந்து தண்ணீர் நாற்றமெடுக்கிறது என்று மக்கள் புகார் செய்ய, அணையில் மயில்துத்தம் போடப்பட்டது. சில நாள்களில் 148 பேர், அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள், ஈரல் வீக்கத்தோடும் வாந்தியோடும் நோயில் விழுந்தார்கள். பலரை விமானத்தில் ஏற்றிப் பெருநிலப்பரப்பிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தது. காரணம் நீலப்பச்சைப் பாசி சுரந்த சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்னும் நஞ்சு என்பது பிறகே துலங்கியது. பாசியால் நேர்ந்த பெருந்துயரங்களில் இன்னொன்றையும் இங்கேயே குறிப்பிடுகிறேன். 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், பாசி படர்ந்த நீர்த்தேக்கத்திலிருந்து முறையாகச் சுத்திகரிக்கப்படாமல் வந்த நீரைச் சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்தியதில், ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். குடலின் தடுப்பைக் கடக்காமல் நஞ்சு நேரே இரத்தத்தில் சேர்ந்ததன் விளைவு அது.

உங்கள் குளத்துக்கு வருவோம். செத்த பாசியிலிருந்த சத்து முழுவதும் குளத்திலேயே கிடக்கிறது. அதைத் தின்று அடுத்த தலைமுறை எழுந்தது. செம்போ அடிச்சேற்றில் சேர்ந்துகொண்டே போகும். நீரை இறைத்து, சேற்றை அள்ளி அப்புறப்படுத்தி, அதற்குப் பிறகு குளத்தில் என்ன ஊற்றப்படுகிறது என்று விசாரியுங்கள். அடுக்ககத்தின் சுத்திகரிப்பு நிலைய நீர்தான் அதை நிரப்புகிறது என்று நான் ஊகிக்கிறேன்.

*எங்கள் ஏரியை மூன்றாண்டுகளுக்கு முன்பு பெருஞ்செலவில் தூர்வாரினார்கள். சுற்றிலும் நடைபாதை, விளக்கு, நடுவில் நீரூற்று. கழிவுநீரையும் சுத்திகரித்துத்தான் விடுவதாகப் பலகை சொல்கிறது. இருந்தும் ஒவ்வொரு பங்குனி, சித்திரையிலும் பச்சை. எங்கே தவறு?*
– பொறியாளர், கே.ஆர். புரம்

'சுத்திகரித்து' என்ற சொல்லில் தவறு ஒளிந்திருக்கிறது. வழக்கமான சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரின் அழுகும் பொருளையும் நாற்றத்தையும் கலங்கலையும் நீக்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை. கரைந்திருக்கும் பாஸ்பரஸைத் தனியாக நீக்கும் ஏற்பாடு சேர்க்கப்படாவிட்டால் அதன் பெரும்பகுதி அவற்றைத் தாண்டிப் போய்விடும். வீட்டுக் கழிவுநீரில் லிட்டருக்கு ஐந்து முதல் பத்து மில்லிகிராம் பாஸ்பரஸ் இருப்பது இயல்பு. ஏரி பச்சையாக மாற அதில் நூறில் ஒரு பங்குகூடத் தேவையில்லை, 0.03 மில்லிகிராமே ஏறத்தாழப் போதும். பத்தில் ஒன்பது பங்கை நீக்கிவிட்டோம் என்று நிலையம் பெருமைப்பட்டுக்கொண்டாலும், எஞ்சிய ஒரு பங்கு பாசிக்கு விருந்தே. ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம் பாஸ்பரஸ் வெளியேறுகிறது. ஒரு கிராம் பாஸ்பரஸால் நூறு கிராமுக்கும் மேற்பட்ட உலர் எடையுள்ள பாசி உருவாக முடியும். பெருக்கல் கணக்கை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

பாஸ்பரஸ்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு முழு ஏரியே சாட்சி இருக்கிறது. 1973-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் 226 என்று எண்ணிடப்பட்ட ஒரு சிறு ஏரியைக் குறுகலான இடுப்பில் பிளாஸ்டிக் திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள்; மறு பாதியில் அவ்விரண்டோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் ஒரு பாதி கறுத்துத் தெளிந்தும், பாஸ்பரஸ் சேர்த்த பாதி பச்சைப் பாலாகவும் தெரிந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட் கலப்பதைப் பல நாடுகள் கட்டுப்படுத்தியதில் அந்த ஒரு படத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நைட்ரஜனை மட்டும் தடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அசோலாவைப் பற்றி மேலே சொன்னதை நினைவுகூருங்கள்: காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிடிக்கத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகள் பல உண்டு. பாஸ்பரஸைக் காற்றிலிருந்து பிடிக்க எதற்கும் தெரியாது.

கழிவுநீர் வரத்தை நிறுத்தினால் ஏரி பிழைக்குமா என்றால், சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி பிழைத்தது. 1963 முதல் 1968 வரை அதில் விழுந்த கழிவுநீர் முழுவதையும் படிப்படியாகத் திருப்பிவிட்டார்கள். அதுவரை ஒரு மீட்டர் ஆழத்துக்குத்தான் கண் தெரிந்த நீரில், சில ஆண்டுகளுக்குள் மூன்று மீட்டருக்கு மேல் தெரிந்தது. ஆனால் அது ஆழமான ஏரி. நம்முடையவை ஆழமில்லாத, பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஏரிகள். இவற்றில் அடிச்சேறு ஒரு சேமிப்புக் கிடங்கு போன்றது. சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும் பாஸ்பரஸ், அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அவிழ்ந்து மேலே வருகிறது. வெயில் காலத்தில், வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராத வாரத்தில்கூட, ஏரி தன்னைத் தானே உரமிட்டுக்கொள்ள அதனால் முடிகிறது.

நம் முன்னோர் பாஸ்பரஸ் என்ற பெயரை அறியார். ஆனால் கோடையில் நீர் வற்றியதும் வண்டல் மண்ணை வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டினார்கள். ஏரியில் சேர்ந்த சத்து ஆண்டுதோறும் வயலுக்கே திரும்பியது. இன்று ஏரியைச் சுற்றி வயல் இல்லை, ராஜகால்வாய் என்னும் மழைநீர்ப் பெருவடிகாலில் கழிவுநீர் ஆண்டு முழுவதும் ஓடுவதால் ஏரி வற்றுவதும் இல்லை. உள்ளே வருவதற்கு ஆயிரம் வழி இருந்து வெளியே போக ஒரு வழியும் இல்லாத இடமாக ஏரி மாறியதுதான் அடிப்படைக் கோளாறு. மூன்றாண்டுகளுக்கு முன்பு அள்ளிய சேற்றுக்கு மேல் இப்போது புதிய சேறு படிந்திருக்கும்.

நீரூற்றைப் பற்றிக் கடுமையாக எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். மாலை வேளையில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதன் அருகே மீன்களுக்குச் சற்று மூச்சும் கிடைக்கிறது. பாஸ்பரஸில் ஓர் அணுவையும் அது குறைப்பதில்லை. ஜக்கூர் ஏரியில் செய்திருப்பது அறிவுக்குப் பொருந்திய வழி. அங்கே சுத்திகரிப்பு நிலையத்து நீர் நேரே ஏரிக்குள் விழாமல், சம்பும் நாணலும் வளர்ந்த ஒரு சதுப்பு நிலத்தின் வழியாக மெல்ல நகர்ந்து வருகிறது. செடிகள் சத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அந்தச் செடிகளைக் காலத்தில் அறுத்து வெளியேற்ற வேண்டும். அறுக்காமல் விட்டால் அவை அங்கேயே அழுகி, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகாயத்தாமரைக்கும் இதே விதிதான்.

*பெள்ளந்தூர் ஏரியின் நுரையும் இந்தப் பாசிதானா? என் மாமனாருக்கு ஓசூர் பக்கத்தில், கெலவரப்பள்ளி அணைப் பாசனத்தில் நிலம் இருக்கிறது. அங்கேயும் நுரை வருகிறது.*
– வாசகி, எலெக்ட்ரானிக் சிட்டி

நுரை வேறு, பாசி வேறு. இரண்டுக்கும் தாய் கழிவுநீர். சோப்பிலும் சலவைத்தூளிலும் உள்ள நுரைப்பொருள்கள் சிதையாமல் ஏரியில் சேர்ந்து, நீர் கலிங்கில் (உபரிநீர் வழியும் மதகில்) விழுந்து குழம்பும் இடத்தில் பஞ்சுப் பொதிபோல எழுகின்றன. 2015-இல் அந்த நுரை தீப்பற்றியதையும், 2018 ஜனவரியில் ஏரியில் நெருப்பு எரிந்து இராணுவத்தினர் வந்து அணைத்ததையும் நாடே பார்த்தது. பெள்ளந்தூரின் நீர் வர்த்தூர் ஏரிக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும் சென்று, எல்லை தாண்டி முதலில் சேரும் அணை கெலவரப்பள்ளி. பெங்களூரில் மூடிய கழிவுநீர்க் கணக்கு ஓசூரில் திறக்கிறது என்று சொல்லலாம்.

வயலைப் பொறுத்தவரை, நீர் பச்சையாகத் திரண்டிருக்கும் வாரங்களில் தெளிப்பான் வேண்டாம் என்று மாமனாரிடம் சொல்லுங்கள். இலை மேல் படிந்து உலரும் நஞ்சு கீரையோடு சமையலறைக்கு வரும். வாய்க்கால் வழியாக வேருக்குப் பாய்ச்சினால் ஆபத்து குறைவு. அந்த நீரை மாடுகளுக்குக் காட்டாதிருப்பது அதைவிட முக்கியம்.

*மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையில் எங்கள் ஏரி 'டி' வகுப்பு, கரைந்த ஆக்சிஜனும் போதுமான அளவு என்று இருக்கிறது. கண்ணெதிரே பச்சைக் குழம்பு. அறிக்கை பொய்யா?*
– ஏரிப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்தவர், பெங்களூரு வடக்கு

பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. 'ஏ' முதல் 'இ' வரையிலான அந்த வகைப்பாடு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த பொது அளவுகோல். 'டி' என்றால் மீன் வளர்ப்புக்கும் வனவிலங்குகளுக்கும் ஏற்றது, லிட்டருக்கு நான்கு மில்லிகிராமாவது ஆக்சிஜன் வேண்டும் என்று பொருள். அந்த அளவுகோலில் பாஸ்பரஸும் இல்லை, பாசி நஞ்சும் இல்லை. கேட்காத கேள்விக்கு விடை வராது.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை, மாதிரி எடுத்த நேரத்தைப் பாருங்கள். பாசி மண்டிய ஏரியில் பிற்பகல் இரண்டு மணிக்கு எடுத்தால், தெளிந்த ஏரியையே தோற்கடிக்கும் எண் கிடைக்கும். அதே இடத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்தால் பூச்சியத்தை ஒட்டி வரலாம். உங்கள் குழுவின் அடுத்த மனுவில் மூன்றே கோரிக்கைகளை எழுதுங்கள்: மொத்தப் பாஸ்பரஸை அளக்க வேண்டும், பச்சைப் படலம் உள்ள நாளில் நுண்ணோக்கிப் பரிசோதனையும் மைக்ரோசிஸ்டின் அளவீடும் செய்ய வேண்டும், ஆக்சிஜன் மாதிரியைச் சூரியன் உதிப்பதற்கு முன்பு எடுக்க வேண்டும். எடுக்க வருகிறவருக்குத் துணையாக உங்களில் ஒருவர் அந்த நேரத்தில் கரையில் நில்லுங்கள். புட்டியில் எழுதப்படும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.